ஐம்பது கட்டம் பின்னால்

ஜூலை 28, திங்கள்

தினமும் எழுத வேண்டும் என்று ஆலோசகர் சொல்லியிருக்கிறார். ஒரு வரி போதுமாம். "என்ன தோணுதோ அதை எழுதுங்க சுகந்தி" என்றார். ஒன்றும் தோன்றவில்லை என்றால் என்ன எழுதுவது என்று கேட்டேன். "அதையே எழுதுங்க" என்றார். இதைச் சொல்லத்தான் சுவரில் இத்தனை சான்றிதழ்களை மாட்டி வைத்திருக்கிறார்.

ஒன்றும் தோன்றவில்லை.

மாவு ஆட்டியாயிற்று. சிறுவாணித் தண்ணீர் நாளைதான் வருமாம்.

ஜூலை 29, செவ்வாய்

காலையில் நாச்சிமுத்து சார் கூப்பிட்டார். அவர்தான் எங்கள் கம்பெனியின் முதலாளி. பீளமேட்டில் ஒரு மாடி, மொத்தம் இருபத்திரண்டு பேர். மருத்துவமனைகளுக்கு மானிட்டர் செய்கிறோம். நோயாளியின் விரலில் ஒரு கிளிப் மாட்டுவார்கள் அல்லவா, அதிலிருந்து ரத்தத்தில் உள்ள ஆக்சிஜன் அளவு வரும். நான்கு படுக்கைகளின் அளவுகளை நர்ஸ் மேஜையில் ஒரே திரையில் காட்டுவது எங்கள் மெஷின். அதற்குள் ஓடும் புரோகிராமை எழுதுவது நான். பதினோரு வருடமாக.

திண்டுக்கல்லில் ஒரு தனியார் மருத்துவமனை. போன வியாழக்கிழமை அங்கே தீவிர சிகிச்சைப் பிரிவில் மூன்றாவது படுக்கையில் சின்னையா என்பவர் இறந்துவிட்டார். ஐம்பத்தெட்டு வயது. பஸ் கண்டக்டராக இருந்தவர். மதியம் ஒரு மணிக்கு வார்டிலிருந்து மாற்றியிருக்கிறார்கள், மூன்றே முக்காலுக்கு இறந்திருக்கிறார்.

"அங்க ஒரு சிக்கலுங்கம்மணி" என்றார் சார். "டூட்டி நர்சம்மா சார்ட்ல ஒண்ணேகால், ஒண்ணரை, ஒண்ணே முக்காலுன்னு அளவெல்லாம் எழுதி வெச்சிருக்குது. ஆனா நம்ம மெஷின்ல பதிவே ரெண்டு அஞ்சுக்குத்தான் ஆரம்பிக்குது. விரல்ல கிளிப் மாட்டுனதே அப்பத்தானாம். அப்பறம் எப்படி ஒண்ணரை மணிக்கு அளவு வரும்? கை போன போக்குல எழுதிருச்சுன்னு ஆஸ்பத்திரில சொல்றாங்க. நம்ம பதிவு சரிதான்னு ஒரு லெட்டர் வேணுமாம். பாத்துட்டுச் சொல்லுங்க."

அந்தப் பதிவைத் திறந்து பார்த்தேன். இரண்டு ஐந்துக்குத்தான் ஆரம்பிக்கிறது. சரி என்று சொல்லிவிட்டேன். லெட்டர் போய்விட்டது.

சாயங்காலம் வாஷிங் மெஷினில் போட்ட துணியை எடுக்க மறந்துவிட்டேன்.

ஜூலை 30, புதன்

அதே துணியை மறுபடி துவைத்தேன்.

ஆகஸ்ட் 1, வெள்ளி

மெஷினின் பின்பக்கம் ஒட்டியிருக்கும் சர்வீஸ் எண்ணைப் பார்த்து அந்த நர்ஸே கூப்பிட்டார். யாரிடம் கொடுப்பது என்று தெரியாமல் என்னிடம் கொடுத்துவிட்டார்கள்.

பெயர் அமலோற்பவம். இருபத்திரண்டு வருடமாக நர்ஸ். அழவில்லை, கத்தவில்லை. சந்தையில் விலை விசாரிக்கிறவர் மாதிரி நிதானமாகப் பேசினார்.

"நான் ரெண்டு மணிக்கு டூட்டிக்கு வந்தேம்மா. மூணாம் பெட்டு ஒரு மணிக்கே வந்துருச்சுன்னு ஒப்படைச்சுட்டுப் போனாங்க. சார்ட்ல ஒண்ணுமே எழுதல. நான் பெட்டுக்கிட்ட போறப்ப விரல்ல கிளிப் மாட்டியிருந்துச்சு. சரி நாமளே எழுதிருவோம்னு ரெண்டேகாலுக்கு மெஷின்ல பின்னாடி போற பட்டனை அமுக்குனேன். ஒரு மணி நேரத்துக் கோடு வந்துச்சு. எண்பத்தொம்பது, எண்பத்தெட்டு, எண்பத்தொம்பது. அதைப் பாத்துத்தான் எழுதுனேன்."

"சரிங்க."

"டாக்டரு போன்ல கேட்டாரு, இப்பத்தான் எறங்குதா, வந்ததுலேந்தே இப்படியான்னு. வந்ததுலேந்தே ஒரே மாதிரி நிக்குது சார்னு சொன்னேன். பீடி குடிக்கிற நெஞ்சு, அப்படித்தான் இருக்கும், ரவுண்ட்ஸ முடிச்சுட்டு வாரேன்னாரு. இப்பத்தான் எறங்குதுன்னு சொல்லியிருந்தா ஓடியாந்திருப்பாரும்மா."

நான் பேனாவைத் தேடி எடுத்தேன்.

"நான் பாத்தேன். என் ரெண்டு கண்ணால பாத்தேன். அது எங்கம்மா போச்சு? மெஷினுக்குள்ள எங்கனயாச்சும் இருக்கும்ல, தேடிப் பாருங்களேன்."

பார்க்கிறேன் சிஸ்டர் என்றேன். நம்பர் சொன்னார், எழுதிக்கொண்டேன். மரியாதைக்குச் சொன்னதுதான். பதிவில் இல்லாததைத் திரை காட்டாது.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

என் வீட்டுக்காரர் பூபதி சின்ன அறையின் ஜன்னலுக்குக் கொசுவலை அடிக்கலாமா என்று கேட்டார். யாருக்கு என்று கேட்டேன். சுத்தியலைத் திருப்பி வைத்துவிட்டுக் குளிக்கப் போனார். நல்ல மனிதர். பம்பு செட் கம்பெனியில் எல்லாரும் அவரைச் சாது என்கிறார்கள். என்னிடம் சண்டை போட்டால் எவ்வளவோ நன்றாக இருக்கும்.

கத்தரிக்காய் கசந்தது. இரண்டு பேரும் சாப்பிட்டோம்.

ஆகஸ்ட் 4, திங்கள்

லெட்டர் போன பிறகு எனக்கு வேலை இல்லை. ஆனாலும் மதியம் அந்தப் பின்னால் போகும் பட்டனின் புரோகிராமைத் திறந்தேன். ஏன் என்று தெரியவில்லை. சந்தை விலை மாதிரி அவர் பேசியது காதிலேயே இருந்தது.

ஆலோசகர் இதைப் படிக்கக்கூடும் என்பதால் விளக்கமாக எழுதுகிறேன். மெஷினின் நினைவகம் என்பது நீளமான ஒரு கட்ட வரிசை. ஒவ்வொரு படுக்கைக்கும் அதில் ஒரு பகுதி. நிமிடத்துக்கு ஒரு கட்டத்தில் ஓர் எண்ணைப் போட்டுக்கொண்டே போவோம். ஒரு படுக்கைக்கு ஆயிரத்து நானூற்று நாற்பது கட்டம், அதாவது ஒரு நாள். முதல் படுக்கை முடிகிற இடத்தில் இரண்டாவது ஆரம்பிக்கும், அது முடிகிற இடத்தில் மூன்றாவது. வரிசை வீடுகள் மாதிரி ஒரே சுவர். ஆனால் இங்கே சுவர் கிடையாது. கதவு எண் மட்டும்தான்.

நர்ஸ் ஒரு மணி நேரம் பின்னால் போகச் சொன்னால், கடைசியாக எழுதிய கட்டத்திலிருந்து அறுபதைக் கழித்து அங்கிருந்து படிக்க வேண்டும். நோயாளிக்குக் கிளிப் மாட்டிப் பத்து நிமிடம்தான் ஆகியிருந்தால்? பத்தில் அறுபது போனால் மைனஸ் ஐம்பது. அவருடைய முதல் கட்டத்துக்கும் ஐம்பது கட்டம் பின்னால். அப்படி ஓர் இடம் அந்த நோயாளிக்குக் கிடையாது. "பதிவு இல்லை" என்று நின்றுவிட வேண்டும்.

நின்றுவிடும் என்றுதான் நினைக்கிறேன். அதற்கு ஒரு வரி இருக்கிறது. இருக்க வேண்டும். நாளை பார்க்கிறேன்.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

அந்த வரி இல்லை.

அலுவலக மெஷினை மேஜையில் வைத்து இரண்டாவது படுக்கைக்கு ஒரு நாள் முழுக்க எண்பத்தொன்பது வருகிற மாதிரி எண்களை ஊட்டினேன். மூன்றாவது படுக்கையைப் புதிதாகத் தொடங்கிப் பத்து நிமிடம் காத்திருந்தேன். டீ குடித்தேன். பட்டனை அமுக்கினேன். திரையில் ஒரு மணி நேரத்துக் கோடு வந்தது. கடைசிப் பத்து நிமிடம் மூன்றாவது படுக்கை. அதற்கு முந்தின ஐம்பது நிமிடம் இரண்டாவது படுக்கையின் கடைசி ஐம்பது கட்டங்கள். கீழே நேரம் கச்சிதமாகப் போட்டிருந்தது. கோட்டில் ஒட்டுப்போட்ட தடயமே இல்லை.

மேல் எல்லையைத் தாண்டினால் தடுக்க ஒரு வரி இருக்கிறது. மைனஸ் ஐம்பது அந்த எல்லையைவிடச் சின்ன எண்தானே, சோதனையில் நல்ல பிள்ளையாகத் தேறி உள்ளே போய்விடுகிறது.

திண்டுக்கல்லில் அன்று இரண்டாவது படுக்கையில் யார் என்று அனுப்பிய பதிவிலேயே இருந்தது. நெடுநாள் நுரையீரல் நோயாளி. எண்பத்தெட்டு, எண்பத்தொன்பது.

அந்தப் பாதுகாப்பு வரியை எடுத்தது யார், எந்தத் தேதியில் என்று மாற்றப் பட்டியலில் பார்க்கலாம். பார்த்தேன். பெயர் இருந்தது. பட்டியலை மூடிவிட்டு வீட்டுக்கு வந்தேன்.

கேஸ் தீர்ந்துவிட்டது. மாற்றினேன்.

ஆகஸ்ட் 6, புதன்

தலைவலி. லீவு.

ஆகஸ்ட் 7, வியாழன்

மதியம் அமலோற்பவம் சிஸ்டரின் எண்ணிலிருந்து அழைப்பு வந்தது. சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். கை கழுவிவிட்டு எடுக்கலாம் என்று நினைத்தேன்.

ஆகஸ்ட் 9, சனி

பூபதியின் அக்கா மேட்டுப்பாளையத்திலிருந்து வந்தார். நானும் அவரும் முருங்கைக்கீரை ஆய்ந்தோம். கீரை முழுக்க ஆய்ந்து முடிக்கும்வரை வேறு எதையும் பேசாமல் பார்த்துக்கொண்டார். போகும்போது பூபதியைத் தனியாகக் கூப்பிட்டு, "அந்த அட்டைப் பெட்டிய நான் கொண்டு போயிடட்டுமா தம்பி? எங்க ஊர் இல்லத்துல குடுத்துறலாம்" என்று கேட்டது என் காதில் விழுந்தது. பெட்டியில் இருப்பது வெள்ளைத் துணிகள். புதுசு. ஒன்றுகூடத் துவைத்ததில்லை.

கொண்டு போனார். நான் கீரைக்குத் தாளித்தேன்.

ஆகஸ்ட் 11, திங்கள்

அலுவலகத்தில் விடுப்புப் படிவங்களைச் சரிபார்க்கிறார்களாம். மார்ச் 15 முதல் மே 5 வரை என் படிவத்தில் காரணம் என்ற இடம் காலி. நிர்வாகப் பிரிவில் இருக்கும் பெண் படிவத்தை என் மேஜையில் வைத்துவிட்டு, "எப்ப முடியுமோ அப்ப எழுதுங்க மேடம், அவசரமில்ல" என்று ஓடியே போய்விட்டாள். உடல்நலம் என்று எழுதிக் கொடுத்தேன். பொய் இல்லை.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

நாச்சிமுத்து சார் தன் அறையிலிருந்து வந்து என் மேஜை ஓரத்தில் உட்கார்ந்தார். நல்ல சேதி சொல்ல வரும்போது அப்படித்தான் உட்காருவார்.

"திண்டுக்கல் விசயம் முடிஞ்ச மாதிரிங்கம்மணி. அந்த நர்சம்மா ஒத்துக்கிட்டுக் கையெழுத்துப் போட்டிருச்சாம். அளவு பாக்காமயே எழுதினேன்னு. இருவத்தொண்ணாந்தேதி விசாரணைக் கமிட்டி கூடுதாம். நம்ம பக்கம் ஒருத்தர் வந்து பதிவப் பத்திச் சொல்லோணுமாம். நீங்களே வந்துட்டாத் தேவலை. காரு நான் எடுக்கறேன்."

"ஏனுங் சார் கையெழுத்துப் போட்டாங்க?"

"போலீசுக்குப் போகாம உள்ளுக்குள்ளயே முடிச்சுக்கறோம்னு சொல்லியிருப்பாங்க. வேலை போகும். அப்பறம் நர்சிங் கவுன்சிலுக்கு எழுதினா நர்ஸ் பதிவும் போயிரும். பாவந்தான்."

சரிங்க என்றேன். அவர் போன பிறகு பழைய மின்னஞ்சல்களை ஒழுங்குபடுத்தினேன். நானூறுக்கும் மேல் அழித்தேன். கை நன்றாக வேலை செய்தது.

ஆகஸ்ட் 13, புதன்

சரி செய்யும் வரிகளை எழுதினேன். சில வரிதான் என்றாலும் அதற்கு ஒரு நாள் ஆகிவிட்டது. கழித்த பிறகு மைனஸ் வந்ததா என்று பார்ப்பது தாமதம். கழிப்பதற்கு முன்னாலேயே கேட்டுவிட வேண்டும்: இருப்பது பத்து, கேட்பது அறுபது, பத்தாது. பத்தாததற்கு என்ன செய்வது? மைனஸ் வந்தால் பூஜ்யம் என்று மாற்றிவிடலாம், பலர் அப்படித்தான் செய்வார்கள். செய்தால் இருக்கிற பத்து நிமிடத்தை இழுத்து ஒரு மணி நேரமாகக் காட்டும். அதுவும் பொய்தான், கொஞ்சம் மரியாதையான பொய். வேண்டாம். இருக்கிற பத்தை அதன் இடத்தில் வரைந்துவிட்டு, மீதி ஐம்பதை வெறுமையாக விட்டு, "பதிவு இல்லை" என்று எழுத வேண்டும். தெரியாததைத் தெரியாது என்று சொல்ல ஒரு மெஷினுக்குச் சொல்லிக் கொடுக்க ஏழு வரி.

யாருக்கும் காட்டவில்லை.

ஆகஸ்ட் 15, வெள்ளி

விடுமுறை. அடுக்ககத்தில் கொடி ஏற்றி எல்லாருக்கும் மிட்டாய் கொடுத்தார்கள். பூபதி எனக்கும் ஒன்று வாங்கி வந்தார்.

பெயர் என்னுடையது.

எழுதியாயிற்று. இன்னும் எழுதுகிறேன். எங்கள் கம்பெனியில் ஒரு வழக்கம் உண்டு. நாங்கள் எழுதும் புரோகிராமை மெஷினின் மொழிக்கு மாற்றும்போது அந்த மாற்றி சந்தேகமான வரிகளை மஞ்சளில் காட்டும். தப்பு என்றால் சிவப்பு, சந்தேகம் என்றால் மஞ்சள். புதுப் பதிப்பு வெளியே போவதற்கு முன்னால் ஒரு மஞ்சள்கூட இருக்கக் கூடாது என்பது சாரின் கட்டளை. அந்த நாளுக்கு மஞ்சத் துடைப்பு என்று பெயரே உண்டு. துடைத்து முடித்தால் எல்லாருக்கும் ஜிலேபி.

மார்ச் 14 வெள்ளிக்கிழமை மஞ்சத் துடைப்பு. அன்று முப்பத்தொரு மஞ்சள். அவற்றில் ஒன்று, "எண் பூஜ்யத்துக்குக் கீழே போனால் நிறுத்து" என்ற வரி. அப்போது அந்த எண்ணை மைனஸே வர முடியாத வகையில் வைத்திருந்தோம். அதனால் இந்தச் சோதனை ஒருநாளும் உண்மையாகாது, வீண் வரி என்றது மஞ்சள். அது சொன்னது சரிதான். வீண் வரியை எடுத்தேன்.

மே 6, லீவு முடிந்து வந்த முதல் நாள். புதிய நோயாளிக்குப் பின்னால் போகும் பட்டனை அமுக்கினால் திரையில் பிழைப் பெட்டி வருகிறது, நர்ஸ்கள் திட்டுகிறார்கள் என்று புகார். மைனஸ் வர முடியாத எண்ணில் கழித்தால் அது சுற்றிப்போய்க் கோடிக்கணக்கில் வரும், மேல் எல்லையைத் தாண்டியதென்று தடுக்கப்படும். அந்த எண்ணை மைனஸ் ஏற்கிற வகைக்கு மாற்றினேன். பிழைப் பெட்டி போய்விட்டது. எல்லாரும் கை தட்டினார்கள், வந்த முதல் நாளே சுகந்தி சரி பண்ணிவிட்டாள் என்று. இப்போது மைனஸ் வரும், தடுக்கும் வரியோ இல்லை. நான்தான் எடுத்தேன் என்பது என் நினைவில் இல்லை. மார்ச் 14 என்ற நாளையே நான் நினைப்பதில்லை.

அன்று காலை பத்து மணிக்கே அசைவு இல்லை. எட்டாவது மாதத்தில் சில நாள் அப்படி இருக்கும், தூங்கும் என்பார்கள். மதியம் பூபதி போன் செய்து, எதற்கும் ஒருமுறை ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டு வந்துவிடலாம் சுகி என்றார். இன்னும் பதினாறு மஞ்சள் மிச்சம் இருந்தது. ஆறரைக்குக் கிளம்பினேன்.

மிட்டாயை எறும்பு மொய்த்துவிட்டது.

ஆகஸ்ட் 18, திங்கள்

சாரிடம் சொல்லலாம் என்று அவர் அறை வாசல் வரை போனேன். அவர் போனில் இருந்தார்.

ஆகஸ்ட் 19, செவ்வாய்

இன்று அவர் போனில் இல்லை. நான்தான் போகவில்லை.

ஆகஸ்ட் 20, புதன்

மூன்று மணிக்கு மெஷினைத் தூக்கிக்கொண்டு அவர் அறைக்குப் போய், மேஜையில் வைத்துப் பட்டனை அமுக்கிக் காட்டினேன். சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டி இன்னொரு முறை அமுக்கச் சொன்னார். மூன்றாவது முறை அவரே அமுக்கினார்.

"அப்ப அந்த நர்சம்மா சொன்னது..."

"நெசந்தானுங் சார்."

"யாரு எழுதினது?"

"நானு."

சார் மெஷினை அணைத்தார். மேஜையிலிருந்த தண்ணீரைக் குடித்தார். "இதச் சத்தமில்லாம சரி பண்ணி எல்லா ஆஸ்பத்திரிக்கும் அனுப்பிரலாமுங்க" என்றார். "நாளைக்கு அவங்க கேட்டதுக்கு மட்டும் பதில் சொன்னாப் போதும். பதிவு ரெண்டு அஞ்சுக்கு ஆரம்பிக்குதா? ஆரம்பிக்குது. அதுல பொய் இல்லீங்களே." கொஞ்ச நேரம் கழித்து, "இருவத்திரண்டு குடும்பம் கண்ணு" என்றார்.

நான் நின்றுகொண்டே இருந்தேன்.

"எப்பத் தெரிஞ்சுது உங்களுக்கு?"

"இன்னைக்குத்தானுங் சார்" என்றேன்.

வாய் தானாகச் சொல்லிவிட்டது என்று எழுதப் பார்க்கிறேன். வாய் தானாக எதையும் சொல்லாது.

ஆகஸ்ட் 21, வியாழன்

காலை ஆறரைக்குச் சாரின் கார் வந்தது. பின் சீட்டில் அலுவலக மெஷின் இருந்தது, பெல்ட் போட்டு. அவரே தூக்கி வந்து வைத்திருக்கிறார். "ராத்திரி பூரா யோசிச்சனுங்க. காட்டிரலாம்" என்றார். தாராபுரத்தில் இட்லி சாப்பிட்டோம். இவ்வளவு நல்ல மனிதரிடம் நேற்று நான் சொன்னதை நினைத்தேன். இப்போது திருத்திவிடலாம் என்று நினைத்தேன். சட்னி நன்றாக இருக்கிறது என்று சொன்னேன்.

மருத்துவமனையின் மூன்றாவது மாடியில் நீள மேஜை. இரண்டு டாக்டர்கள், ஒரு வக்கீல், நிர்வாக அதிகாரி, எழுதிக்கொள்ள ஒரு கிளார்க். எதிரே ஓரத்தில் அமலோற்பவம் சிஸ்டர். குரலை வைத்து உயரமானவர் என்று நினைத்திருந்தேன். குள்ளம். சீருடையில் வரவில்லை, வரக் கூடாது என்றிருப்பார்கள். மடியில் கைப்பையை இரண்டு கையாலும் பிடித்திருந்தார். கையெழுத்துப் போட்ட கடிதத்தை வக்கீல் படித்தபோது தலை குனிந்து, ஆமாம் என்றார்.

என் முறை வந்தது. பதிவு எப்போது ஆரம்பிக்கிறது என்று கேட்டார்கள். இரண்டு ஐந்துக்கு என்றேன். அப்படியானால் அதற்கு முந்தைய அளவுகளை யாராலும் திரையில் பார்த்திருக்க முடியாது, அப்படித்தானே என்றார் வக்கீல்.

"முடியும்" என்றேன். மெஷினை மேஜைமேல் வைத்தோம்.

வார்த்தையில் சொல்வதைவிடப் பட்டன் சுலபம். ஒரு டாக்டர் எழுந்து வந்து அவரே அமுக்கினார். எண்பத்தொன்பது, எண்பத்தெட்டு. சார்ட்டை வாங்கி எண்களைத் திரையோடு வைத்துப் பார்த்தார். அன்று இரண்டாவது படுக்கையின் பதிவிலிருந்து நான் அச்சிட்டுக் கொண்டுபோன ஐம்பது எண்களை அதன் பக்கத்தில் வைத்தேன். சிஸ்டர் எழுதிய ஒவ்வொரு எண்ணும் அதில் இருந்தது, எழுதிய வரிசையிலேயே.

"இந்தத் தவற்றைச் செய்தது யார்?" என்றார் வக்கீல்.

"நான்தான்."

"எப்போது தெரியவந்தது?"

நான் வாயைத் திறப்பதற்குள் நாச்சிமுத்து சார், "நேத்துத்தானுங்க. தெரிஞ்ச ஒடனே கொண்டு வந்துட்டோம்" என்றார். கிளார்க் எழுதிக்கொண்டார். நான் திருத்தவில்லை. அவர் பேனாவின் சத்தம் எனக்குக் கேட்டது.

டீ வந்தது. நான் வெளியே வராந்தாவுக்குப் போனேன். சிஸ்டர் பின்னாலேயே வந்தார்.

"அப்ப நான் பாத்தது நெசந்தானா?"

"நெசந்தான் சிஸ்டர்."

சுவரில் சாய்ந்து நின்றார். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சத்தமில்லாமல் அழுதார். "எனக்குக் கிறுக்குப் புடிச்சுப் போச்சுன்னு நெனச்சேம்மா" என்றார். "எல்லாரும் இல்ல இல்லன்னா, நமக்கே வந்துருதுல்ல? ஒருவேளை நான் பாக்கவே இல்லியோ, பாத்த மாதிரி நெனச்சுக்கிட்டேனோன்னு. வீட்ல மாத்திரைய எடுத்தா ரெண்டு தடவை எண்ணுறேன். அடுப்ப அணைச்சனான்னு மூணு தடவை போயிப் பாக்குறேன். என் மக இனிமே நீ வண்டி ஓட்டாதன்னுட்டா."

நான் அவர் தோளைத் தொடவில்லை. தொடும் உரிமை எனக்கு இல்லை.

முகத்தைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். "உனக்கு எப்பம்மா தெரிஞ்சுச்சு?"

உள்ளே கேட்ட அதே கேள்விதான். நேற்று என்று சொன்னால் முடிந்துவிடும், எழுதியும் ஆயிற்று.

"அஞ்சாந்தேதி."

விரல் விட்டு எண்ணினார். நர்ஸ் எண்ணுகிற மாதிரி, கட்டைவிரலால் கணுக்களைத் தொட்டு.

"ஏழாந்தேதி உனக்குப் போன் போட்டேன்."

"ஆமா சிஸ்டர்."

"மறுநாள் கையெழுத்துப் போடச் சொல்லியிருந்தாங்க. போடறதுக்கு முன்னாடி உங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுருவோம்னுதான் போட்டேன். நீ எடுக்கல. தேடிப் பாத்திருக்கும், ஒண்ணும் இருந்திருக்காது, அதைச் சொல்லச் சங்கடப்படுது பிள்ளைன்னு நெனச்சுக்கிட்டேன். எட்டாந்தேதி போட்டுட்டேன்."

என்னைத் திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டவில்லை. கைப்பையை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினார்.

"உள்ள வந்து இதையும் சொல்லு" என்றார். "மெஷின் தப்பு சரி, நீ ஏன் ஒத்துக்கிட்டன்னு எங்கிட்ட கேப்பாங்க. அதுக்கு நான் என்ன சொல்றது?"

போனேன். டீ டம்ளர்களை இன்னும் எடுக்கவில்லை. ஐந்தாம் தேதியே தெரியும், ஏழாம் தேதி சிஸ்டர் கூப்பிட்டார், வேண்டுமென்றே எடுக்கவில்லை, என் முதலாளிக்கும் நேற்றுவரை சொல்லவில்லை என்றேன். நாச்சிமுத்து சார் என்னைத் திரும்பிப் பார்த்தார். பிறகு மேஜையைப் பார்த்தார்.

கிளார்க்குக்கு எரிச்சல். "நேத்துன்னு எழுதியாச்சே. அடிச்சுட்டு எழுதணும்னா நீங்கதான் பக்கத்துல கையெழுத்துப் போடணும்" என்றார். அடித்து எழுதினார். போட்டேன். சிஸ்டர் எழுந்து வந்து, தேதியை விரல் வைத்துப் படித்துப் பார்த்துவிட்டுத் தன் இடத்துக்குப் போனார்.

கடிதத்தைத் திருப்பித் தருவதாகச் சொன்னார்கள். வேலையைப் பற்றி அடுத்த வாரம் முடிவாம். சின்னையா வீட்டுக்கு எழுத்தில் தெரிவிப்பதாம். நாங்கள் எல்லா மெஷின்களையும் நிறுத்தச் சொல்லி இன்றே கடிதம் அனுப்ப வேண்டுமாம். சார் எல்லாவற்றுக்கும் தலையாட்டினார்.

கிளம்பும்போது லிஃப்ட் வாசலில் சிஸ்டர் நின்றிருந்தார். கை கூப்பினேன். அவர் கூப்பவில்லை.

"இனிமே நர்சு யாராச்சும் கூப்பிட்டா எடும்மா" என்றார். "ஒண்ணும் தெரியலன்னாலும் எடுத்துத் தெரியலன்னு சொல்லு."

சரி சிஸ்டர் என்றேன். லிஃப்டில் இறங்கும்போது கன்னம் சுட்டது. வெட்கமாக இருந்தது. தாங்க முடியாத வெட்கம். ஐந்து மாதமாக எனக்கு எந்த உணர்வுமே இருந்ததில்லை. காரில் ஏறியபின் அழுதேன், ஒட்டன்சத்திரம் வரை அழுதேன். சார் ஏன் என்று கேட்கவில்லை.